ஓ வரிசையில் நின்றவன்

சேத்துமங்கலத்தில் எழுத்துகளுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி முதலில் அணில்களுக்குத்தான் எட்டியது. அச்சகத்தின் மாடி ஜன்னலை ஒட்டி நின்ற வேப்பமரத்தில் அவை குடியிருந்தன, ஜன்னலுக்கு உள்ளே நடந்த கூட்டத்தில் எல்லோரும் தேவைக்கு மேல் சத்தமாகப் பேசினார்கள், அவ்வளவுதான் காரணம். வேறு மாயமந்திரம் எதுவும் நடந்ததாக ஊரில் யாரும் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்வதில்லை.

சேத்துமங்கலம் அச்சுக்கு வாழ்கிற ஊர். காலண்டர், கல்யாணப் பத்திரிகை, நோட்டு அட்டை, பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் என்று வீட்டுக்கு ஒருவர் ஏதாவது ஒரு மிஷினுக்குப் பக்கத்தில் நின்று பிழைத்தார்கள். எந்த ஊர்ச் சுவரில் எந்தச் சாமி சிரித்தாலும் அது இந்த ஊரில் சிரிக்கப் பழகிய சாமியாகத்தான் இருக்கும். அந்தச் சாமிகளில் பாதிக்குமேல் சிரிப்பு வரைந்தவள் தெய்வக்கனி. தவமணிராஜ் அண்ணாச்சியின் அச்சகத்தில் அவள் ஒருத்திதான் ஓவியக்காரி. சாமிக்கும் சரி, சோப்புக்கும் சரி, ஒரே கை, ஒரே பிரஷ். சாமிகளைப் பற்றியும் சோப்புகளைப் பற்றியும் அவளுக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. மனிதர்களைப் பற்றி அதைவிடவும் கிடையாது. யாராவது பேச ஆரம்பித்தால் அவள் வலதுபக்க உதடு கொஞ்சம் மேலே போகும். அது சிரிப்பு என்று நினைத்து ஏமாந்தவர்கள் ஊரில் நிறையப் பேர்.

அன்றைய கூட்டம் அ-ஆ சார்ட்டுக்காகக் கூட்டியது. பால்வாடியிலும் நர்சரியிலும் தொங்குகிற அந்த எழுத்துப்படத்தை அண்ணாச்சியின் அப்பா காலத்திலிருந்து ஒரே மாதிரி அடித்து வந்தார்கள். அணில், ஆடு, இலை, ஈ என்று போகும். ஊரில் இருக்கிற மற்ற அச்சகங்களும் அதையேதான் அடித்தன. இந்த முறை எவனும் யோசிக்காத ஒன்று வேண்டும் என்று அண்ணாச்சி ஆசைப்பட்டார். அதற்காக மகளைக் கட்டிய மாப்பிள்ளை நிகிலேஷையும், மூன்று பள்ளிக்கூடம் நடத்துகிற தாளாளர் புனிதவதி அம்மாளையும் உட்காரவைத்து, முறுக்கும் காபியும் வரவழைத்து, தெய்வக்கனியைப் பென்சிலோடு ஓரத்தில் உட்கார்த்தினார்.

"பழங்கள்," என்றான் நிகிலேஷ். அவன் வெளிநாட்டில் வியாபாரம் படித்தவன், எதையும் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு மற்றவர் முகத்தைப் பார்ப்பான். "அன்னாசி, ஆரஞ்சு, இலந்தை, ஈச்சம்பழம். கலர்ஃபுல்லா இருக்கும்."

"ஊ?" என்று கேட்டார் அண்ணாச்சி.

நிகிலேஷ் முறுக்கைக் கடித்தான். ஊ-வுக்குப் பழம் இல்லை. அடுத்து வாகனங்கள் என்றான். ஆட்டோ வந்தது, ஈ-யில் நின்றது. கடல்வாழ் உயிர்கள் என்றான், அது அ-விலேயே மூழ்கிவிட்டது. உடல் உறுப்புகள் என்றார் புனிதவதி அம்மாள். இதயம், ஈரல், உதடு, எலும்பு என்று அவர் அடுக்கியபோது அண்ணாச்சி கையெடுத்து நிறுத்தினார்.

"ஈரலைச் சுவத்துல மாட்டினா பிள்ளை படிக்குமா, பயப்படுமாம்மா?"

"அப்ப நல்ல குணங்கள்னு வைங்க. அன்பு, இரக்கம், ஈகை."

"அதை எப்படி வரையறது?" அண்ணாச்சி தெய்வக்கனியைத் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, ஈகையை வரைவியா?"

"பார்த்தது கிடையாது அண்ணாச்சி," என்றாள் அவள். "காட்டினா வரையிறேன்."

அப்படியே மத்தியானம் ஆயிற்று. எந்த வண்டியை ஏற்றினாலும் ஐ-யிலோ ஔ-விலோ ஃ-இலோ அச்சு முறிந்தது. மூன்று பேரும் ஒருவர் யோசனையை ஒருவர் கொன்று, கொன்றதைத் தாங்களே தோண்டியெடுத்து, வேறு பெயர் சூட்டி மறுபடி மேஜையில் கிடத்தினார்கள். தெய்வக்கனி தாளில் மூன்று முறுக்குகளை வரைந்து ஒவ்வொன்றுக்கும் கண் வைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அண்ணாச்சி எழுந்து ஜன்னலண்டை போய் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு சொன்னார்.

"எழுத்துக்கு எது பொருத்தம்னு நாம என்னத்துக்கு மண்டையை உடைக்கணும்? பொருத்தமா இருக்கிறது எதுவோ அது தானா வந்து நிக்கட்டும். பார்த்து எடுத்துக்குவோம்."

வேப்பமரத்தில் அணில்கள் கேட்டுக்கொண்டிருந்தன.

மறுநாள் காலை அச்சகத்தின் வாசலில் வரிசை நின்றது. அணில்கள் முன்னால், அவற்றுக்குப் பின்னால் அன்னாசிப்பழம் ஒன்று, அதற்குப் பின்னால் யாரும் பிடிக்காத அரிவாள். ஆ-வரிசையில் ஆடும் ஆமையும் இருந்தன, பக்கத்து ஊர்க் கண்மாய்க்கரையிலிருந்து வேரோடு நடந்து வந்த ஆலமரம் தெருவை அடைத்துக்கொண்டு மூச்சு வாங்கியது. ஏணி எதன்மீதும் சாயாமல் நிமிர்ந்து நின்றது. ஊஞ்சல் மேலே எதிலும் கட்டப்படாமல் அதுபாட்டுக்கு ஆடியது. ஒட்டகம் எங்கிருந்து வந்ததென்று தெரியாது, அதன் கால்மடிப்பில் மணல் இருந்தது. ஈரம் சொட்டச் சொட்ட ஓடம் ஒன்று நின்றது. ஈ-வரிசையில் ஒரே ஒரு ஈ, இடம் மாறாமல், எவர் மேலும் உட்காராமல், கைகளைத் தேய்த்தபடி காத்திருந்தது.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்பதை மாடி ஜன்னலிலிருந்து தெய்வக்கனி பார்த்தாள், அவளுடைய உதடு மேலே போய் அங்கேயே நின்றுவிட்டது. ஓர் ஏணி தானாக நடந்து வந்ததைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அது வரிசையில் முந்தி வந்ததா பிந்தி வந்ததா என்று மட்டும்தான் பேசினார்கள். டீக்கடை காசிமணி பாய்லரை வண்டியில் வைத்துத் தள்ளி வந்து ஒட்டகத்தின் நிழலில் கடை போட்டார். போலீஸ்காரர் இரண்டு பேர் வந்து கயிறு கட்டி, ஆட்டை ஓரமாக நிற்கச் சொல்லி, ஆலமரத்திடம் லைசென்ஸ் கேட்டுவிட்டுப் போனார்கள். வார்டு கவுன்சிலர் தன் வீட்டு ஆட்டுக்காக அண்ணாச்சிக்குப் போன் செய்தார், எதிர்க்கட்சிக்காரர் ஆமையை ஆதரித்து மைக் கட்டினார். இடம் பிடித்துத் தருகிற புரோக்கர்கள் முளைத்தார்கள். ஆலமரத்தடியில் சீட்டாட்டம் தொடங்கி, சீட்டாட்டத்தில் சண்டை வந்து, சண்டைக்குப் பஞ்சாயத்தும் அதே மரத்தடியில் நடந்தது. நேற்று வரை அந்த மரம் அங்கே இல்லை என்பதை ஊர் அதற்குள் மறந்து போயிருந்தது.

பிறகுதான் யாருக்கோ உறைத்தது. எழுத்துக்கு ஆள் வேண்டும் என்றால் ஆளே ஏன் நிற்கக்கூடாது? அதன்பின் ஊர் காலியாகி வரிசைக்கு வந்தது. அ-வில் அறிவாளிகள் நின்றார்கள். இ-யில் இளைஞர் என்று சொல்லிக்கொண்டு தலைக்குச் சாயம் அடித்தவர்கள் நின்றார்கள். ஐ-யில் கொட்டுமேளம் அடிக்கிற ஐந்து சகோதரர்கள் நின்றார்கள், முதல் நாளே பாகத் தகராறில் நான்கு பேரானார்கள். உ-வரிசைதான் நீளம், மார்க்கெட்டைச் சுற்றி ரயில்வே கேட் வரை போயிற்று. அது முழுக்க உத்தமர்கள். கலப்பட எண்ணெய்க்காரரும், பெற்றவளைச் சத்திரத்தில் விட்டுவந்த ஜவுளிக்கடைக்காரரும், பெஞ்சாதியை அடித்துவிட்டு நேரே வந்த ஒருவரும் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு அதில் நின்றார்கள். ஏ-வில் ஏழை என்று நிற்க ஊரில் ஒருவர்கூட ஒப்பவில்லை. சாக்கு தைக்கிறவர்கள்கூட ஏற்றுமதியாளர் என்றுதான் சொன்னார்கள். சொந்தமாக எதையும் சொல்லிக்கொள்ளாமல் நின்றவை அந்த ஈயும் ஏணியும்தான்.

அண்ணாச்சிக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் பெருமையாக இருந்தது. "நீ போய் ஒவ்வொருத்தரையா பார்த்து ஒரு மாதிரிப் படம் போட்டுட்டு வந்துரும்மா," என்றார் தெய்வக்கனியிடம். "வந்து நிக்கிறதெல்லாம் தான் சொன்னதைச் செஞ்சும் காட்டணும். இல்லேன்னா எவனும் எதையும் சொல்லிட்டுப் போயிருவான்."

அவள் அட்டையும் பென்சிலுமாக இறங்கினாள். ஊஞ்சல் ஆடிக் காட்டியது, வரைந்தாள். ஒட்டகம் நடந்து காட்டியது, வரைந்தாள். அறிவாளிகள் பேசிக் காட்டினார்கள், அவர்கள் வாயை மட்டும் வரைந்தாள். உத்தமர்களிடம், "செஞ்சு காட்டுங்க," என்றபோது அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, நாளைக்கு வரச்சொன்னார்கள். இப்படி எழுத்து எழுத்தாகக் கடந்து ஓ-வரிசைக்கு வந்தாள். ஓடம், ஓநாய் என்று சொல்லிக்கொண்ட ஒன்று, ஓணான். ஓநாய்க்கும் ஓணானுக்கும் நடுவில் பின்வார் அறுந்த செருப்பில் இரண்டு பாதம் தெரிந்தது. அவள் அட்டையிலிருந்து நிமிராமலே கேட்டாள்.

"என்ன சொல்லுக்கு நிக்கிறீங்க?"

"ஓடிப்போனவன்," என்றது குரல்.

அவள் நிமிர்ந்தாள். ரத்தினபாண்டி நின்றான். அவளைக் கட்டியவன். மகள் இந்துமதிக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு காலையில் நல்லெண்ணெய் வாங்கி வருகிறேன் என்று தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனவன். மகள் வளர்ந்து, நர்ஸுக்குப் படித்து, மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்கும் சேர்ந்தாகிவிட்டது. அவனுக்கு முடி கொட்டியிருந்தது. மீசை அப்படியே இருந்தது, பழைய வீட்டில் ஒரே ஒரு ஜன்னல் மட்டும் சாயம் போகாமல் இருப்பது மாதிரி.

"கனி," என்றான்.

"பேரு?" என்று கேட்டாள். ஓடத்திடம் பேசிய அதே மரியாதைதான் அவனுக்கும்.

"ரத்தினபாண்டி."

"தொழில்?"

"அதான் சொன்னேனே."

அவள் ஓணானிடம் போய்விட்டாள். ஓணானின் முதுகுமுள் ஒன்று விடாமல் வரைந்தாள், அவள் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல ஓணானை வரைந்ததில்லை.

சாயங்காலம் மகளுக்குப் போன் செய்தாள். "உங்கப்பா வந்திருக்கார்," என்றாள்.

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிச் சத்தத்துக்கு நடுவே மகள் கேட்டாள். "எப்படி இருக்கார்?"

"நிக்கிறார்."

ஊருக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. அதுதான் தெய்வக்கனியால் பொறுக்க முடியாமல் போன சங்கதி. முதலில் காசிமணிதான் ஆரம்பித்தார். வரிசையில் நிற்கிறவர்களுக்கு டீ ஊற்றிக்கொண்டே, "இந்த ஊர்ல அத்தனை பேரும் இல்லாததைச் சொல்லிட்டு நிக்கான். உள்ளதைச் சொல்லி நிக்கிற ஒரே மனுசன் இவருதான்," என்றார். அது காற்றில் பரவியது. ரத்தினபாண்டிக்குச் சோறு வந்தது, தலைக்கு மேலே ஒரு தார்ப்பாய் வந்தது, உட்கார ஸ்டூல் வந்தது. ஸ்டூலை அவன் வேண்டாம் என்று சொல்லி நின்றதால் மரியாதை இன்னும் கூடியது. பெல்லாரியில் ஓட்டலில் தட்டுக் கழுவியதையும், கோவா துறைமுகத்தில் ஐஸ் சுமந்ததையும், சூரத்தில் பெட்ரோல் பங்கில் படுத்துக் கிடந்ததையும் அவன் பெருமையும் இல்லாமல் வருத்தமும் இல்லாமல் சொன்னான். கேட்கக் கூட்டம் கூடியது. உத்தமர்கள் தங்கள் வரிசையில் துண்டைப் போட்டுவிட்டு வந்து அவன் பக்கத்தில் நின்று, "நானும் ஒரு தடவை திருச்சி வரைக்கும் போயிட்டேண்ணே, அப்புறம் பயந்து திரும்பிட்டேன்," என்று மெதுவாகச் சொல்லி மனதை லேசாக்கிக்கொண்டு போனார்கள்.

பக்கத்து வீட்டு மாரிபுஷ்பம் தெய்வக்கனியைத் தண்ணீர்க் குழாயடியில் பிடித்தாள்.

"கோவத்தை விடு மதினி. என்ன இருந்தாலும் வந்து ஒத்துக்கிட்டு நிக்கிறாருல்ல. எங்க வீட்டுல இருக்கிறது ஓடவும் மாட்டேங்குது, ஒண்ணையும் ஒத்துக்கவும் மாட்டேங்குது."

தெய்வக்கனி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவன் போனபோது இதே குழாயடியில் இதே மாரிபுஷ்பம், "நீ என்ன சொன்னே, மனுசன் இப்படிப் போற அளவுக்கு?" என்று கேட்டாள். ஊர் முழுக்க அதையே கேட்டது. சாமிக்குச் சிரிப்பு வரைகிறவளுக்குப் புருஷனைச் சிரிக்கவைக்கத் தெரியவில்லை என்று அச்சகத்திலேயே ஒருத்தன் சொன்னான். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக் கொஞ்ச காலம் அவள் தன்னையே புரட்டிப் பார்த்திருக்கிறாள். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு ஊரைப் பார்த்து உதட்டைத் தூக்கப் பழகிக்கொண்டாள். அது லேசாக இருந்தது, சோறும் இறங்கியது.

நிகிலேஷ் ஓ-வரிசைக்கு வந்து ரத்தினபாண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்து பார்த்தான். மாடிக்கு வந்து, "இதுதான் மாமா. இதுல ஒரு உண்மை இருக்கு. ஒரு வலி இருக்கு. எந்தக் கம்பெனி சார்ட்லயும் இது கிடையாது," என்றான். புனிதவதி அம்மாள்கூட, மனிதன் தவறை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தர இது நல்ல படம் என்றார். நர்சரிச் சுவரில் ஓ-வுக்குப் பக்கத்தில் தன் புருஷன் தொங்குவதை தெய்வக்கனி நினைத்துப் பார்த்தாள். அவனைக் குச்சியால் தொட்டுத் தொட்டு மூன்று வயசுப் பிள்ளைகள் சேர்ந்து கத்தும். கத்தி முடித்ததும் பால் கொடுப்பார்கள்.

"பெரிய படமா ஒண்ணு போட்டுக் குடுத்திரும்மா," என்றார் அண்ணாச்சி. கொஞ்சம் சங்கடத்தோடுதான் சொன்னார். "தொழில்னு நெனச்சுக்கோ."

"தொழில்தான் அண்ணாச்சி," என்றாள்.

மாடி ஹாலில் அவனை ஜன்னல் வெளிச்சத்துக்கு நிற்கவைத்தாள். இத்தனை வருஷமாக அவளுக்குள் ஒருத்தன் இருந்தான். தடித்த கழுத்தும் கல் மாதிரி கண்ணும் உள்ளவன், போவதற்கு ஒரு பெரிய காரணம் வைத்திருந்தவன், அதைச் சொல்லாமல் போன கொடியவன். எதிரே நின்றவன் அவன் இல்லை. இவன் காது மடலில் முடி முளைத்த, கொட்டாவியை அடக்கத் தெரியாத ஓர் ஆள். அவள் வரைய வரைய அந்தப் பெரிய ஆள் சிறுத்துக்கொண்டே வந்து இவன் சட்டைக்குள் காணாமல் போனான்.

"ஏன் போனீங்க?" என்று கேட்டாள். பென்சில் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அவன் நிஜமாகவே யோசித்தான். "எண்ணெய்க்கடை பூட்டியிருந்துச்சு," என்றான். "அடுத்த தெருவுல பாப்போம்னு போனேன். அங்கயும் பூட்டியிருந்துச்சு. பஸ் ஸ்டாண்டுக்கிட்ட ஒரு கடை உண்டுன்னாங்க. போனா ஒரு பஸ் நின்னுச்சு, சீட்டு காலியா இருந்துச்சு. கால் வலிச்சுது, உக்காந்தேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் கனி. அப்புறம் திரும்பறதுக்கு வெக்கமா இருந்துச்சு. வெக்கம் போனதும் பழகிருச்சு."

தெய்வக்கனிக்குச் சிரிப்பு வந்தது. இந்த முறை உதடு இரண்டு பக்கமும் போயிற்று. இதற்காகவா ஊர் முழுக்க அவளைக் கேள்வி கேட்டது, இதற்காகவா அவள் அத்தனை காலம் தன்னைப் புரட்டிப் பார்த்தாள்? அவன் அதைப் பார்த்துத் தானும் சிரித்தான், மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான். "பிள்ளை எப்படி இருக்கா?" என்றான்.

"ஆடாதீங்க, மூக்கு கோணிரும்," என்றாள்.

கடைசிக் கூட்டம் நடந்த அன்றைக்குப் பெரும்பாலான எழுத்துகள் முடிவாகியிருந்தன, அல்லது முடிவானதாக நிகிலேஷ் சொல்லிக்கொண்டிருந்தான். ஓ-வுக்கு ரத்தினபாண்டி என்று அண்ணாச்சி வாயெடுத்தபோது தெய்வக்கனி பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அவர் செல்லாது அண்ணாச்சி."

"ஏம்மா? உன் மனசு எனக்குப் புரியுது, ஆனா—"

"மனசை விடுங்க. வந்த நாள்லேர்ந்து அவர் நின்னுக்கிட்டேதான் இருக்கார். ஸ்டூல் குடுத்தும் உக்காரலே. நிக்கிற ஆளைப் படமாப் போட்டு ஓடிப்போனவன்னு எழுதினா பிள்ளைங்க கேக்காதா? ஒட்டகம் நடந்து காட்டுச்சு. ஊஞ்சல் ஆடிக் காட்டுச்சு. செஞ்சு காட்டணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

அண்ணாச்சி தாடையைத் தடவினார். நியாயம் என்று பட்டது. நிகிலேஷுக்கோ கையைத் தட்டலாம் போலிருந்தது; ஓடுகிற மாதிரி படம் போட்டால் இன்னும் உயிரோடு இருக்கும் என்றான். அந்த நிமிஷமே கீழே சொல்லியனுப்பினார்கள்.

ஊர் இரண்டு ஓரமும் திரண்டது. உத்தமர்கள் முன்வரிசையைப் பிடித்தார்கள். கொட்டுமேள சகோதரர்கள் பகையை மறந்து ஐந்து பேராகி அடிக்க ஆரம்பித்தார்கள். மாரிபுஷ்பம் ஒரு சொம்பில் மோர் கொண்டு வந்திருந்தாள், ஓடி முடித்துவிட்டு வந்தால் கொடுக்க. ரத்தினபாண்டி வேட்டியை மடித்துக் கட்டினான். பின்வார் அறுந்த செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான், பிறகு என்ன நினைத்தானோ மறுபடி போட்டுக்கொண்டான். அச்சக வாசற்படியில் அட்டையோடு நின்ற தெய்வக்கனியைப் பார்த்துக் கேட்டான்.

"எதுவரைக்கும் கனி ஓடணும்?"

"உங்களுக்குத் தெரியாததா," என்றாள்.

அவன் ஓடினான். முதலில் வேடிக்கை காட்டுகிற ஓட்டமாக இருந்தது, கைகளை வீசி, இரண்டு பக்கமும் பார்த்துச் சிரித்து. மார்க்கெட்டைத் தாண்டியதும் மூச்சு இளைத்து, சிரிப்பு நின்று, வெறும் ஓட்டம் ஆகியது. தீப்பெட்டி குடோன் பக்கம் தெரு திரும்புகிற இடத்தில் நின்றான். குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டான். பிறகு நிமிர்ந்து திரும்பிப் பார்த்தான்.

கொட்டுச்சத்தம் நின்றது. போதும் என்று யாராவது சொல்வார்கள் என்று அவன் காத்திருந்தது அத்தனை தூரத்திலும் தெரிந்தது. அவனை நிறுத்துகிற உரிமை யாருக்கு என்று ஊருக்கும் தெரிந்திருந்தது, எல்லா முகமும் வாசற்படிப் பக்கம் திரும்பியது. வெயிலில் அவன் ரொம்பச் சின்னதாகத் தெரிந்தான். ஒரு வார்த்தை போதும். கத்தவேண்டியதுகூட இல்லை, கையைக் காட்டினால் போதும்.

தெய்வக்கனி அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கை தட்டினாள்.

அவள் தட்டியதும் ஊரே தட்டியது. விசில் பறந்தது, கொட்டு மறுபடி எழுந்தது. ரத்தினபாண்டி இன்னும் ஒரு நிமிஷம் நின்றான். பிறகு அந்தத் திருப்பத்தில் திரும்பி மறைந்தான்.

அவன் வருவான் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மோர் புளித்தது. நிகிலேஷ் பைக்கில் ஆளனுப்பினான், பைக் ரயில்வே கேட்டைத் தாண்டி அடுத்த ஊர் வரை போய்விட்டுச் சும்மா வந்தது. சொன்னதைச் சொன்னபடி செய்து காட்டிய மனிதர் அவர் ஒருவர்தான் என்று காசிமணி பாய்லரைத் துடைத்தபடி பேசினார், கேட்டவர்கள் தலையாட்டினார்கள். நின்ற படம் இருந்தது, ஆள் இல்லை. ஆள் இல்லாமல் ஓடுகிற படம் எப்படி வரும் என்று அண்ணாச்சி கேட்டார்.

அந்த வாரமே வெளியூர் ஏஜெண்டுகள் வந்தார்கள். நிகிலேஷ் புதுச் சார்ட்டைப் பற்றி விளக்கப் படம் காட்டி, ஒரு மணி நேரம் பேசினான். அவர்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டு, அணில், ஆடு, இலை, ஈ போட்டதே போதும், பள்ளிக்கூடத்தில் அதைத்தான் கேட்கிறார்கள் என்றார்கள். அண்ணாச்சி பழைய பிளேட்டைத் துடைத்து மிஷினில் மாட்டச் சொன்னார். வரிசை கலைந்தது. ஒட்டகம் போயிற்று, ஓடத்தை எந்த ஆறு கூப்பிட்டதோ தெரியாது. ஆலமரம் மட்டும் களைத்துப்போய் அங்கேயே வேர் விட்டுவிட்டது. முனிசிபாலிட்டி மரத்தைச் சுற்றித் தெருவை வளைத்துப் போட்டது, மறு வாரம் மரத்தடியில் பிள்ளையார் வந்தார், அதற்கடுத்த வாரம் பிள்ளையாருக்கு உண்டியல் வந்தது. மனிதர்கள் வீட்டுக்குப் போனார்கள், ஆனால் நின்ற பெயரை விடவில்லை. சேத்துமங்கலத்தில் இன்றைக்கும் கடைப் பலகைகளில் உத்தமர் என்று பெயருக்கு முன்னால் போட்டிருப்பதைப் பார்க்கலாம். அந்தப் பலகைகளை எழுதியவள் தெய்வக்கனிதான், அண்ணாச்சியிடம் வேலை குறைவாக இருந்த மாதங்களில். ஒவ்வொரு உத்தமருக்கும் ஒவ்வொரு நிறத்தில் எழுதினாள், உதடு மேலே போனபடியே இருந்தது.

இந்துமதி லீவில் வந்தாள். குளித்து, தலை துவட்டி, அடுப்படியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினாள். நடந்ததையெல்லாம் மகள் போனில் துண்டு துண்டாகக் கேட்டிருந்தாள். இப்போது முழுசாகக் கேட்டாள், தெய்வக்கனியும் ஒன்றையும் விடாமல் சொன்னாள். எண்ணெய்க்கடை பூட்டியிருந்த கதை வந்தபோது மகள் சிரித்தாள். குடோன் திருப்பத்தில் அவன் நின்ற இடம் வந்தபோது சோற்றைப் பிசைந்த கை நின்றது.

"திரும்பிப் பார்த்தாரா?"

"பார்த்தார்."

"நீ கூப்பிட்டிருந்தா வந்திருப்பாராம்மா?"

"வந்திருப்பார்."

"கூப்பிடத் தோணலையா?"

தெய்வக்கனிக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. அந்த ஆள் கூப்பிடத் தகுந்தவனா, அந்த ஊர் ஒரு நல்ல காரியத்தைப் பார்க்கத் தகுதியா என்று எப்போதும் நாக்கின் நுனியில் தயாராக இருக்கிற பேச்செல்லாம் வரிசையாக வந்து நின்றது. அவள் ஒன்றையும் எடுக்கவில்லை.

"தோணுச்சு," என்றாள்.

இந்துமதி அம்மாவைப் பார்த்தாள். அந்த முகத்தில் உதடு நேராக இருந்தது, அப்படி அவள் பார்த்ததே இல்லை. தட்டை அம்மா பக்கம் கொஞ்சம் நகர்த்தினாள்.

"ரசம் ஊத்து," என்றாள்.